555 நோட்டும் ஹன்சார்ட்டும்: சொற்களை எண்ணி உணவுக் கொள்கையைப் படிப்பது எப்படி?

எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய மைலோ டின் ஒன்று இருக்கிறது. உள்ளே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய 555 நோட்டுகள். மலேசியத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சட்டைப் பையில் அடங்கும் சின்னக் கணக்குப் புத்தகம், அட்டையில் மூன்று ஐந்து, உள்ளே மளிகைக்கடைக் கடன். சம்பளம் வரும்வரை வாங்கியதையெல்லாம் எழுதி வருவார்கள். சம்பளம் போட்டதும் பணத்தைக் கட்டிவிட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்கள். அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய நாளில் தொடங்கிய பழக்கம் அது. நாங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குக் குடிவந்து, ரொக்கத்துக்கே சாமான் வாங்கத் தொடங்கிய பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஒரு மழை நாள் மாலையில் அந்தக் கட்டைப் பிரித்து வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: “அரிசி 10. பால் 3. சாடின் 2. எண்ணெ பா 2. சீனி 1. மி.தூள்.” ஒரு முழு வாக்கியம்கூடக் கிடையாது. ஆனால் பக்கங்களைப் புரட்டப் புரட்ட வீட்டுக் கதை தானாக வெளியே வந்தது. தம்பி பிறந்த வருடம் பால் டின் கூடுகிறது. அப்பாவுக்கு வேலை இல்லாத மாதங்களில் மீன் மறைந்து, டின்னில் அடைத்த சாடின் வருகிறது. வெறும் ‘எண்ணெ’ என்று இருந்தது ஒரு கட்டத்தில் ‘எண்ணெ பா’ என்று ஆகிறது. போத்தல் எண்ணெயை விட்டுப் பாக்கெட் எண்ணெய்க்கு மாறிவிட்டோம். ஏன் என்று அம்மா எங்கும் எழுதவில்லை. எழுதாமலே தெரிந்தது.

உரைப் பகுப்பாய்வு என்று சொல்கிறார்களே, அதன் அடிப்படை இதுதான். நிறைய எழுத்தை ஒன்றாகச் சேர்த்து, எந்தச் சொல் எப்போது வருகிறது, எத்தனை முறை வருகிறது, எதன் பக்கத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது. ஒரு பக்கத்தைப் படித்தால் கண்ணில் படாதது நூறு பக்கத்தை எண்ணினால் படும். சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். அங்கே இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குக் கைகொடுத்தது 555 நோட்டுதான். இதே வேலையை நாட்டின் நோட்டில் செய்தால் உணவுக் கொள்கை எந்தப் பக்கம் போகிறது என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

நாட்டின் நோட்டு

அந்த நோட்டின் பெயர் ஹன்சார்ட். நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பதைப் பதிவுசெய்யும் அதிகாரபூர்வ அறிக்கை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் நாடாளுமன்ற விவாதங்களை அச்சிட்டுவந்த தாமஸ் கர்சன் ஹன்சார்ட்டின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. நம் நாட்டு நாடாளுமன்றம் முதன்முதலில் கூடியது 1959 செப்டம்பர் 11 அன்று. அந்தக் காலத்து விவாதங்கள் தொடங்கி, நாடாளுமன்ற இணையத்தளத்தில் பிடிஎஃப் கோப்புகளாக வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் கூட்டத்துக்கு ஒரு கோப்பு. காசு இல்லை, அனுமதிக் கடிதமும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

மக்களவையில் 222 பேர். காலையில் கேள்வி நேரம், அப்புறம் மசோதா, வருடக் கடைசியில் வரவுசெலவுத் திட்ட விவாதம். ஒரு நாள் பேச்சே நூறு பக்கத்தைத் தாண்டும். நாளிதழில் நமக்கு வந்து சேருவது அதில் இரண்டு மூன்று செய்திதான். அரிசி, கோழி, முட்டை, எண்ணெய் பற்றி உறுப்பினர்கள் கேட்டதும் அமைச்சர்கள் சொன்னதும் மிச்சப் பக்கங்களில் கிடக்கின்றன.

பாமாயில் தரும் செம்பனைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் ஏன் பார்க்க வேண்டும் என்று சிலர் என்னைக் கேட்டதுண்டு. சுங்கை சிப்புட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மரம். ஆனால் அந்த மரத்தடியில் வேலை செய்பவர் சாப்பிடுவது ஏறக்குறைய எல்லாமே கடைச் சாமான். அவர் விளைவிப்பது ரப்பரும் செம்பனையும். அரிசி, பருப்பு, சீனி எல்லாம் காசுக்கு. எண்ணெய்க்கான பழத்தைத் தானே வெட்டிவிட்டு, எண்ணெயைக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிறார். கோலாலம்பூரில் விலை பற்றியோ மானியம் பற்றியோ ஒரு முடிவு எடுத்தால் முதலில் தெரிவது இவர் வீட்டு அடுப்பில். அதனால்தான் இது நமக்கு வேண்டிய பாடம் என்று நினைக்கிறேன்.

மீன் தேடினால் கல்வி அமைச்சு வரும்

வகுப்பில் முதல் பயிற்சி எப்போதும் ஒன்றேதான். ஏதாவது ஒரு நாள் கோப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் ‘இகான்’, அதாவது மலாயில் மீன், என்று ரூமியில், மலாயை எழுதும் ஆங்கில எழுத்தில், தட்டச் சொல்வேன். எண்ணிக்கை மளமளவென்று ஏறும். நாடாளுமன்றத்தில் மீனைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களா என்று பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் மீனையே காணோம். கல்விக்கு மலாயில் ‘பெண்டிடிகான்’. ரூமியில் எழுதிப் பாருங்கள், கடைசி நான்கு எழுத்தும் மீன்தான். கொடுப்பதற்கு ‘மெம்பெரிகான்’, அதன் வாலிலும் மீன். சீனிக்கு ‘குலா’ என்று தேடினால், கருத்துச் சொல்வதைக் குறிக்கும் ‘மெங்குலாஸ்’ வந்து நிற்கும், ‘ரெகுலாசி’ வந்து நிற்கும்.

சரி, முழுச் சொல்லாக மட்டும் தேடு என்று கணினிக்குச் சொல்லிவிடலாம். அப்போது வேறொரு தொல்லை. ‘மக்கான்’ என்று முழுச் சொல்லாகத் தேடினால் உணவைக் குறிக்கும் ‘மக்கானான்’ விட்டுப்போகும்; ஊட்டச்சத்தைக் குறிக்கும் ‘பெமக்கானான்’ விட்டுப்போகும். தமிழில் சாப்பாடு, சாப்பிட்டார், சாப்பிட என்று வருவதைப் போல மலாயிலும் ஒரு வேரிலிருந்து பல சொல் கிளைக்கிறது. அவற்றை ஒரே வேரின் கீழ் கொண்டுவந்த பிறகே எண்ண வேண்டும். கொண்டுவந்தாலும் வேலை முடியாது. ‘மக்கான் காஜி’ என்றால் சம்பளத்துக்கு வேலை செய்வது. ‘மக்கான் மாசா’ என்றால் நேரம் எடுப்பது. ‘மக்கான் சுவாப்’ என்றால் லஞ்சம் வாங்குவது. மூன்றிலும் ‘சாப்பிடு’ இருக்கிறது, சாப்பாடு இல்லை. இந்த மூன்றையும் சேர்த்து எண்ணிவிட்டு, நாட்டில் உணவுப் பேச்சு பெருகிவிட்டது என்று ஒருவர் வரைபடம் போட்டுக் காட்டினால் நாம் நம்பிவிடுவோம். ஆகவே எண்ணுகிறவர் மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். அம்மாவின் 555 நோட்டில் ‘பால்’ என்றால் டின் பால். தோட்டத்தில் ‘இன்னைக்குப் பால் எவ்ளோ?’ என்று கேட்டால் அது ரப்பர் பால். ஒரே வீடு, ஒரே சொல், இரண்டு பொருள். எது எது என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

ஒரு முறை ஒரு மாணவி ஓடிவந்து, “டீச்சர், நத்தையைப் பத்தி நூறு தடவைக்கு மேல பேசியிருக்காங்க” என்றாள். நத்தைக்கு மலாயில் ‘சிப்புட்’. அவள் பிடித்துக்கொண்டு வந்தது எங்கள் ஊரை. ஹன்சார்ட்டில் உறுப்பினர்களைத் தொகுதியின் பெயரோடு குறிப்பிடுவார்கள். சபாநாயகர் கூப்பிடுவதும் தொகுதியின் பெயரால்தான். சுங்கை சிப்புட் உறுப்பினர் எழுந்து பேசிய ஒவ்வொரு முறையும் ஒரு நத்தை கணக்கில் ஏறியிருக்கிறது. அதே போல பாகான் செராய், பாடாங் செராய் உறுப்பினர்கள் பேசினால் ரசத்துக்கும் கறிக்கும் போடும் செராய், எலுமிச்சைப்புல், ஏறும். பாசிர் சாலாக் உறுப்பினர் பேசினால் சாலாக் பழம் ஏறும். ஆகவே எண்ணுவதற்கு முன் பேசியவர் பெயர், தொகுதி, பக்கத் தலைப்பு எல்லாவற்றையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். தூக்கிப் போடாதீர்கள். யார் பேசினார் என்பது பின்னால் தேவைப்படும்.

இந்தத் துப்புரவு வேலையில்தான் பாதிக்கு மேல் நேரம் போகும். பழைய கோப்புகள் தாளைப் படமெடுத்துச் சேர்த்தவை. அவற்றில் எழுத்தைக் கணினி கண்டுபிடித்து எழுதும்போது தப்பும் தவறுமாக வரும். கீரை ஆய்வதைப் போன்ற வேலை. பொறுமையாக உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான்.

எத்தனை முறை என்பது போதாது

ஒரு வருடம் ‘பெராஸ்’, அரிசி, 400 முறை வந்தது, இன்னொரு வருடம் 300 முறை வந்தது என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக் கணக்குதான். முதல் வருடம்தான் அரிசிக் கவலை அதிகம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் முதல் வருடம் அவை 80 நாள் கூடியது, இரண்டாவது வருடம் 50 நாள்தான் கூடியது என்றால்? நாளுக்கு 5, நாளுக்கு 6. படம் தலைகீழாகிவிட்டது. அதனால் எப்போதும் கூட்ட நாளுக்கு இத்தனை என்றோ பத்தாயிரம் சொல்லுக்கு இத்தனை என்றோ கணக்குப் போடுவார்கள்.

இது வெறும் கணக்குப் பாடம் இல்லை. 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 12 அன்று கோவிட் தொற்றைக் காரணம் காட்டி அவசரகாலம் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 1 வரை அது நீடித்தது. மக்களவை மீண்டும் கூடியது ஜூலை 26 அன்றுதான். அந்த ஆறு மாதத்துக்கு மேலான காலத்தில் ஹன்சார்ட்டில் அரிசி இல்லை, எண்ணெய் இல்லை, எதுவுமே இல்லை. அதே ஜூன் கடைசியிலும் ஜூலையிலும்தான், உணவுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள், அக்கம்பக்கத்தார் உதவுவோம் என்ற ‘பெண்டேரா பூத்தே’ இயக்கம் நாடு முழுவதும் பரவியது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டுச் சன்னலில் தலையணை உறை தொங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த அக்கா அதற்கு முன் யாரிடமும் கை நீட்டியவர் இல்லை. அம்மா ஒரு பையில் அரிசியும் முட்டையும் போட்டுக் கொடுத்தனுப்பினார். அன்றைய 555 பக்கத்தில் “முட்டை 10, அடுத்த வூடு” என்று இருக்கிறது.

வரைபடத்தில் அந்த மாதங்கள் வெறும் பள்ளமாகத் தெரியும். தெரியாதவர் பார்த்தால் அப்போது உணவுப் பிரச்சினை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார். ஹன்சார்ட் காட்டுவது அவை எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை. வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதை அது காட்டாது. இதை நான் வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன்; வருடம் முழுக்க அழிப்பதில்லை.

நெல், அரிசி, சோறு

எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல். தமிழில் நெல், அரிசி, சோறு. மலாயிலும் அப்படியே மூன்று: பாடி, பெராஸ், நாசி. சோறு தின்னும் மக்களின் மொழி அப்படித்தான் இருக்கும்.

இந்த மூன்றையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். ‘பாடி’ என்று பேசுகிறவர் வயலில் நின்று பேசுகிறார்: நீர்ப்பாசனம், உரம், விதை, விவசாயியின் வருமானம். ‘பெராஸ்’ என்று பேசுகிறவர் கடையில் நிற்கிறார்: விலை, இருப்பு, இறக்குமதி. ‘நாசி’ என்று பேசுகிறவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்: பள்ளிக்கூடச் சாப்பாடு, சாப்பாட்டுக்கடை விலை. எந்த வருடத்தில் எந்தச் சொல் மேலே வருகிறது என்று பார்த்தால், அவை உணவை யார் பக்கமிருந்து பார்க்கிறது என்று தெரியும்.

எங்கே தேடலாம் என்பதற்கு வரலாறு வழி காட்டும். கெடா மாநிலத்தில் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தை நடத்த 1970இல் ‘மாடா’ வாரியம் வந்தது. 1971இல் தேசிய நெல் அரிசி வாரியம் வந்தது. அந்தக் காலத்தில் ‘பாடி’ எப்படி நிற்கிறது? 1996இல் அந்த வாரியத்தின் வேலை தனியார்மயமாகி ‘பெர்னாஸ்’ கைக்குப் போனது. அரிசி இறக்குமதி உரிமை அந்த ஒரு நிறுவனத்திடம். அதற்குப் பிறகு ‘பெராஸ்’ பக்கத்தில் என்னென்ன சொற்கள் ஒட்டுகின்றன? 2023 ஜனவரி கடைசியில் 5 வெள்ளிக்கு, அதாவது 5 ரிங்கிட்டுக்கு, ஒரு வேளைச் சாப்பாடு தரும் ரஹ்மா மெனு தொடங்கியது. ‘நாசி’ அப்போது கொள்கைப் பேச்சுக்குள் வருகிறதா? இவையெல்லாம் நீங்களே எண்ணிப் பார்க்கக் கூடிய கேள்விகள்.

இங்கே இரண்டாவது கருவி உள்ளே வருகிறது: அண்டைச் சொல். ஒரு சொல்லின் பொருளை அதன் கூட்டாளிகளை வைத்து அறியலாம் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1950களில் எடுத்துச் சொன்னார். கணினி செய்வது எளிய வேலை. நாம் கேட்ட சொல்லை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் நாலைந்து சொல்லோடு வரிசையாக அடுக்கிக் காட்டும். மாதிரிக்கு நானே எழுதிய மூன்று வரி:

… வெளிநாட்டு வெள்ளை அரிசி விலை ஏறிவிட்டதால் …
… மூன்று கடை ஏறியும் உள்ளூர் அரிசி கிடைக்கவில்லை என்று …
… மூட்டை மாற்றி உள்ளூர் அரிசி விற்பவர்கள் மீது நடவடிக்கை …

இப்படி ஐந்நூறு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் கண்ணுக்கு ஒரு தடம் தெரியும். 2023இன் பின்பாதியை இப்படிப் பார்ப்பது நல்ல பயிற்சி. அந்த வருடம் ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செப்டம்பர் 1 முதல் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. உள்ளூர் அரிசிக்கோ கிலோ 2 வெள்ளி 60 காசு என்று உச்சவரம்பு. விலை இடைவெளி பெரிதானதும் எல்லோரும் உள்ளூர் அரிசிக்குப் பாய, கடைத்தட்டு காலியானது. எங்கள் ஊர்ச் சந்தைப் பக்கத்துக் கடையில் 10 கிலோ மூட்டை வந்த அன்றே தீர்ந்துபோகும். ‘பெராஸ்’ பக்கத்தில் ‘தெம்பாத்தான்’, உள்ளூர், என்ற சொல் அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்று பாருங்கள். காரணம் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துக் கருவியைச் சோதித்துக்கொண்டால்தான், காரணம் தெரியாத இடத்தில் அதை நம்ப முடியும்.

சீனி இன்னும் நல்ல உதாரணம். ஒரு காலத்தில் அரசு சீனிக்கு மானியம் கொடுத்து விலையைக் குறைத்து வைத்திருந்தது. 2013 அக்டோபர் 26 அன்று கிலோவுக்கு 34 காசு மானியத்தை எடுத்தார்கள். 2019 ஜூலை 1 அன்று, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. மலிவாகக் கொடுக்கக் காசு போட்ட அரசு, ஆறு வருடத்துக்குள் சீனித் தண்ணீருக்கு வரி போட்டது. ‘குலா’ என்ற சொல் எண்ணிக்கையில் அப்படியே இருக்கலாம். ஆனால் முன்பு பக்கத்தில் மானியம், விலை, கடத்தல் என்று நின்ற இடத்தில் இப்போது வரி, பானம், நீரிழிவு என்று நிற்கிறதா? கொள்கை திரும்பும் திசை அண்டைச் சொல்லில்தான் முதலில் தெரியும் என்பது என் கணிப்பு.

சொல்லே மாறிவிட்டால்

இந்த இடத்தில் ஆரம்பக்காரர்கள் அதிகம் வழுக்குவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பத்து வருடம், 1967 வரை, நாடாளுமன்றத்தில் ஆங்கிலம் பேச அரசியலமைப்புச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஆகவே 1960களில் ‘பெராஸ்’ குறைவாகக் கிடைத்தால் அரிசிப் பேச்சு குறைவு என்று ஆகாது. அது ஆங்கிலத்துக்குள் ஒளிந்திருக்கலாம். 1972இல் ரூமி எழுத்துமுறையையும் மாற்றினார்கள். கடலைக்கு மலாயில் கச்சாங். அதை நாம் தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம். ரூமியில் அன்றோடு ஒரு எழுத்து குறைந்துபோனது: kachang போய் kacang. புது எழுத்தில் மட்டும் தேடினால் பழைய கடலையெல்லாம் கைநழுவும். 1974ஐத் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலக உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. ரப்பர் விலை விழுந்து சாமான் விலை ஏறியதால் கெடாவின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் தெருவில் இறங்கியதும், கொல்லையில் காய்கறி போடச் சொல்லும் பச்சைப் புத்தகத் திட்டத்தை அரசு தொடங்கியதும் அந்த வருடம்தான்.

இப்போதைக்கு வருவோம். விவசாய அமைச்சின் பெயரைப் பாருங்கள். 2004 முதல் அது விவசாயம், விவசாயம் சார்ந்த தொழில் அமைச்சு. 2020இல் விவசாயம், உணவுத் தொழில் அமைச்சு. 2022 டிசம்பரில் விவசாயம், உணவு உத்தரவாத அமைச்சு. மலாயில் ‘கெதெர்ஜாமினான் மக்கானான்’. தொழிலிலிருந்து உணவுக்கு, உணவிலிருந்து உத்தரவாதத்துக்கு. பெயர்ப் பலகையே கொள்கையின் போக்கைச் சொல்கிறது. அதே சமயம் எண்ணுகிறவருக்கு அது ஒரு பொறி. 2022 டிசம்பருக்குப் பிறகு யாராவது அந்த அமைச்சின் பெயரைச் சொன்னாலே போதும், ‘உணவு உத்தரவாதம்’ கணக்கில் ஒன்று கூடும்; பேசுவது அமைச்சின் கார் பற்றியதாக இருந்தாலும் கூடும். உள்நாட்டு வாணிப அமைச்சோடும் அதே மாதம் ‘வாழ்க்கைச் செலவினம்’ ஒட்டிக்கொண்டது. ஆகவே அமைச்சின் பெயராக வருவதை நீக்கிவிட்டு ஒரு முறை, நீக்காமல் ஒரு முறை எண்ணுங்கள். இன்னொன்று: இதே கருத்துக்கு முன்பு ‘செக்குரித்தி மக்கானான்’ என்று சொல்லிவந்தார்கள். 2021 முதல் 2025 வரைக்குமான செயல்திட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே கூடையில் போடாவிட்டால், பழையது செத்துப் புதியது பிறந்ததாக வரைபடம் பொய் சொல்லும்.

யார் பேசினார் என்பதைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேனே, அது இங்கே உதவும். கேள்வி கேட்டவர் ‘முட்டை’ என்று ஒரு முறை சொல்லியிருப்பார்; எழுதி வைத்துப் படிக்கும் அமைச்சர் பதிலில் பத்து முறை வரும். கேள்வியையும் பதிலையும் பிரித்து எண்ணினால்தான் கவலை யாருடையது, விளக்கம் யாருடையது என்று தெரியும்.

நானாகப் பார்க்கச் சொல்வது ‘லாடாங்’, தோட்டம், என்ற சொல்லை. அது வரும் இடங்களில் பக்கத்தில் உணவு இருக்கிறதா, அல்லது செம்பனை விலை, ஏற்றுமதி, ஆள் பற்றாக்குறை மட்டும்தானா? தோட்டத்தில் இருப்பவர் எதை விளைவிக்கிறார் என்று பேசும் அவை, அவர் எதைச் சாப்பிடுகிறார் என்றும் பேசுகிறதா? என்னுடைய உண்மையான கேள்வி இதுதான். மற்றதெல்லாம் இதைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கான படிகள்.

பெரிய கருவிகள்

ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரேயடியாகப் பார்க்க வேண்டும் என்றால் தலைப்பு மாதிரி (டாபிக் மாடல்) என்று ஒரு முறை இருக்கிறது. 2003இல் கணினி அறிவியலாளர் டேவிட் பிளையும் அவரோடு இருவரும் அதை முறைப்படுத்தினார்கள். சந்தையிலிருந்து வெளியே வரும் பைகளை மட்டும் பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையில் தேங்காய், நெத்திலி, பண்டான் இலை. நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. இன்னொன்றில் துவரம்பருப்பு, முருங்கைக்காய், கத்தரிக்காய், புளி. சாம்பார். யாரும் சமையல் பெயரைச் சொல்லவில்லை. எவை எவை சேர்ந்து போகின்றன என்பதே சொல்லிவிட்டது. கணினியும் உரைகளை அப்படிப் பைகளாகப் பார்த்து, சேர்ந்து வரும் சொற்களைக் கூட்டமாகப் பிரிக்கும். கூட்டத்துக்குப் பெயர் வைப்பது நாம்தான். தப்பாகப் பெயர் வைப்பதும் நாம்தான்.

பேச்சில் கோபமா மகிழ்ச்சியா என்று அளக்கும் கருவிகளும் உண்டு. நாடாளுமன்றப் பேச்சில் அவற்றை நான் நம்புவதில்லை. மரியாதைச் சொற்களோடு திட்டும் இடம் அது.

தொடங்குவதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆண்ட்கான்க் (AntConc) என்ற இலவச மென்பொருள் எண்ணும், அண்டைச் சொல்லையும் காட்டும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் 1959 முதலான விவாதங்களைச் சேர்த்து மலேசிய ஹன்சார்ட் தொகுப்பு என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். பின்னால் அதற்குப் போகலாம். முதலில் ஒரே ஒரு மாதத்துக் கோப்புகளை இறக்கி, ஒரே ஒரு சொல்லை எடுங்கள். வரும் வரிகளில் ஐம்பதையாவது கண்ணால் படியுங்கள். எண்ணிக்கையை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

போன மாதம் நான் எடுத்த சொல் ‘மின்யாக்’. பெட்ரோலும் அதுதான், செம்பனை எண்ணெயும் அதுதான், சமையல் எண்ணெயும் அதுதான். பிரித்தெடுக்கவே ஒரு ராத்திரி ஆனது. கடைசியில் கிலோ 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெய் பற்றிய பதில் ஒன்று கிடைத்தது. விநியோகம் போதிய அளவு இருக்கிறது என்ற பொருளில் நீளமான விளக்கம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“எந்த மாசம் பேசினது?” என்றார். சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டு போய் மைலோ டின்னை எடுத்துவந்தார். நோட்டைத் தேடிப் பிரித்து, விரலை வரி வரியாக ஓட்டி ஒரு இடத்தில் நிறுத்தினார். “எண்ணெ பா 1. ஆளுக்கு ஒண்ணு.” அதற்கு அடுத்த வாரம்: “எண்ணெ இல்ல.” அதற்கும் அடுத்த வாரம்: “எண்ணெ இல்ல.”

இரண்டு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, ஹன்சார்ட் கோப்பு இருக்கும் அதே அடைவில், அதே தேதியைப் பெயராகப் போட்டு வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை பிள்ளைகளிடம் அவரவர் வீட்டு நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.